ஒரு டன் பிளாஸ்டிக் கழிவு எத்தனை லிட்டர் எண்ணெய் தரும்? ஒரு தொகுதி உலையின் முழுக் கணக்கு

'ஒரு கிலோ பிளாஸ்டிக் போட்டால் ஒரு லிட்டர் டீசல்' என்பது இந்தத் துறையில் எல்லோரும் கேட்ட வாசகம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. காய்ந்த, தூய பாலித்தீனையோ பாலிப்ரொப்பிலீனையோ காற்றுப்படாமல் சூடாக்கினால் எடையில் 75 முதல் 80 விழுக்காடு எண்ணெயாக வரும். அந்த எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்கு 0.78 கிலோ அளவில் இருக்கும். 0.78 கிலோவை 0.78ஆல் வகுத்தால் ஒரு லிட்டர். ஆக, லிட்டர் என்ற சொல் சரி. 'டீசல்' என்ற சொல்லும், சொல்லாமல் விடப்பட்ட 'காய்ந்த, தூய' என்ற இரண்டு சொற்களும்தான் முதலீடு செய்தவரைக் கடைசியில் கடனில் தள்ளுகின்றன.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நேர்வு இது: கலப்பு வீட்டுக் கழிவிலிருந்து கட்டிய ஒரு டன் பிளாஸ்டிக் பொதி, அதைக் கையாள மூன்று கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு தொகுதி உலை (ஒரு சுமையை ஏற்றி, முடித்து, ஆறவைத்த பிறகே அடுத்த சுமையை ஏற்றும் வகை). இது எந்த ஓர் ஆலையின் பதிவேடும் அல்ல. கலவை விகிதங்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. எந்த இடத்தில் எவ்வளவு இழக்கிறோம் என்று காட்டுவதே நோக்கம். உங்கள் பொதியின் எண்களை அதே இடங்களில் போட்டு விடையை மாற்றிப் பார்க்கலாம்.

பொதிக்குள் இருப்பது

ஆயிரம் கிலோவில் ஈரம் 80 கிலோ. மண், காகிதம், உலோகத் துணுக்கு 60. பெட் (குடிநீர்ப் புட்டி பிளாஸ்டிக்) 40, பிவிசி (குழாய், மெல்லிய உறை போன்றவற்றின் பிளாஸ்டிக்) 20. நைலான், அலுமினியம் ஒட்டிய பல அடுக்குத் தாள் 50. மிச்சம் 750 கிலோதான் உலைக்கு உகந்தது: பாலித்தீன் 450, பாலிப்ரொப்பிலீன் 230, பாலிஸ்டைரீன் 70. பொதியைத் தராசில் வைத்து வாங்கும்போதே நாலில் ஒரு பங்கு கணக்கிலிருந்து போய்விட்டது. நல்ல சரக்கு என்று விற்கப்படும் பொதியிலும் இந்த அளவு கழிவு இருந்தால் வியப்பில்லை.

சங்கிலி அறுபடும் விதம்

பாலித்தீன் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அந்தக் கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். வெப்பம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சங்கிலி ஏதோ ஓரிடத்தில் அறுந்து இரண்டு தனி உறுப்புகள் (பிணைப்பு அறுந்த முனையோடு நிற்கும், எளிதில் வினைபுரியும் துண்டுகள்) பிறக்கின்றன. அறுந்த முனை வளைந்து, தன் உடலிலேயே நான்கைந்து கார்பன் தள்ளியிருக்கும் ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கிறது. பறிபோன இடத்துக்கு அருகே சங்கிலி மறுபடி அறுகிறது. எங்கே அறும் என்ற விதி இல்லாததால் மீத்தேன் முதல் மெழுகு வரை எல்லா நீளத்திலும் துண்டுகள் கிடைக்கின்றன. பாலித்தீன் எண்ணெயை வாயு நிறப்பிரிகையில் (கலவையின் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவியில்) ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கார்பன் எண்ணிக்கைக்கும் மூன்று முகடுகள் ஒட்டி நிற்கும்: இரட்டைப் பிணைப்பு இரண்டு உள்ளது, ஒன்று உள்ளது, இல்லாதது. இந்த மும்முனை வரிசை பாலித்தீனின் கைரேகை. எண்ணெய் எதிலிருந்து வந்தது என்று சொல்ல அது ஒன்றே போதும்.

பாலிப்ரொப்பிலீனில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மீத்தைல் கிளை தொங்குகிறது. அந்த இடம் பலவீனமானது; அதனால் பாலித்தீனைவிடச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உடைகிறது. கிளைத்த மூலக்கூறுகள் மிகுதி, மெழுகு குறைவு. பாலிஸ்டைரீனின் கதை வேறு. அது முனையிலிருந்து மணி மணியாகக் கழன்று ஸ்டைரீனாகவே திரும்பி வருகிறது. 400 டிகிரிக்குக் கீழேயே வேலை முடிந்துவிடும், எண்ணெய் விளைச்சலும் அதிகம். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த ஸ்டைரீன் பீப்பாயில் கிடக்கும்போது மறுபடி கோத்துக்கொண்டு குழம்பாகிவிடும். அதன் தீப்பற்று வெப்பநிலையும் (சுடர் காட்டினால் ஆவி பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை) 31 டிகிரிதான்.

பெட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன். உடையும்போது கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் பென்சாயிக் அமிலமும் டெரெஃப்தாலிக் அமிலமும் வரும். டெரெஃப்தாலிக் அமிலம் உருகாமல் நேரே ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் நேரே திடமாகும். ஆவிக்குழாயின் முதல் வளைவில் வெளிர்மஞ்சள் மாவாகப் படிந்து, சுண்ணாம்புபோல் கெட்டிப்படும். உலை அழுத்தம் காரணம் தெரியாமல் ஏறுகிறதென்றால் முதலில் அந்த வளைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். நைலான் நைட்ரஜன் சேர்மங்களைக் கொண்டுவரும். எண்ணெய்க்கு அழுகல் நாற்றமும் கரும்பழுப்பு நிறமும் தருவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

இருபது கிலோ பிவிசி செய்யும் வேலை

பொதியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் பிவிசி. ஆனால் இந்த நேர்வில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது அதுதான். பிவிசியின் எடையில் 57 விழுக்காடு குளோரின். சூடாக்கினால் 200 டிகிரிக்கு மேலேயே ஹைட்ரஜன் குளோரைடு வாயு கழலத் தொடங்கி, 300 டிகிரி வாக்கில் உச்சத்துக்குப் போகும். 20 கிலோ பிவிசி கிட்டத்தட்ட 11.7 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு தரும். சாதாரண நிலையில் ஏழு கன மீட்டர் வாயு. ஈரம் படும் இடமெல்லாம் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளிர்விப்பானின் குழாய்ச் சுவர் பொத்தலாவதும், துருப்பிடிக்காத எஃகில் பற்றவைப்பு ஓரத்தில் மயிரிழை விரிசல் விடுவதும் இதனால்தான்.

அதைச் சுண்ணாம்பு போட்டுப் பிடித்துவிடலாமே என்பார்கள். 11.7 கிலோ வாயுவை நடுநிலையாக்கக் கணக்குப்படி 12 கிலோ நீற்றிய சுண்ணாம்பு போதும். திடப்பொருளுக்கும் வாயுவுக்கும் முழுத் தொடர்பு ஏற்படாததால் அதைப் போல் இரு மடங்கு வேண்டும். அத்தனையும் கரியோடு சேர்ந்து ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு கட்டியாக வெளிவரும். சுண்ணாம்பால் நன்மை உண்டு, ஆனால் முழு விடையாகாது. பிடிபடாத ஹைட்ரஜன் குளோரைடு, எண்ணெயில் இருக்கும் இரட்டைப் பிணைப்போடு சேர்ந்து கரிமக் குளோரின் சேர்மமாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீரில் கழுவினாலும் போகாது. காரத்தில் கழுவினாலும் போகாது.

இப்போது எண்களைப் பாருங்கள். 20 கிலோ பிவிசியில் 11.3 கிலோ குளோரின். அதில் 99 விழுக்காடு வாயுவாகவோ உப்பாகவோ போய்விட்டது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். எஞ்சிய ஒரு விழுக்காடு, அதாவது 113 கிராம், இந்தச் சுமையில் கிடைக்கும் சுமார் 517 கிலோ எண்ணெயில் (அதன் கணக்கு பின்னால் வரும்) கலந்தால் 220 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 220 பங்கு. பெட்ரோகெமிக்கல் ஆலைகள் இத்தகைய எண்ணெயில் பொறுத்துக்கொள்ளும் குளோரின் 10 பிபிஎம் அளவிலோ அதற்கும் கீழோதான். அதே பொதியில் பிவிசியை முன்கூட்டிப் பொறுக்கி ஒரு கிலோவாகக் குறைத்துவிட்டால், அதே உலை, அதே இயக்கத்தில் 11 பிபிஎம் தரும். உலையில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை. இருபது மடங்கு வித்தியாசம் பொறுக்கும் மேசையில் வந்தது.

பொறுக்குதலும் கழுவுதலும்

முதல் பிரிப்பு தண்ணீர்த் தொட்டியில். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பாலிப்ரொப்பிலீன் 0.90, பாலித்தீன் 0.91 முதல் 0.97, இரண்டும் மிதக்கும். நைலான் 1.14, பெட் 1.38, பிவிசி ஏறத்தாழ 1.4, இவை மூழ்கும். பாலிஸ்டைரீன் 1.05 என்பதால் பிவிசியோடு சேர்ந்து அடியில் போய்விடும். அதை மீட்க இரண்டாவது தொட்டியில் உப்புக் கரைசல்: நூறு கிலோ கரைசலுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ உப்பு கரைத்தால் அடர்த்தி 1.09 வரும். பாலிஸ்டைரீன் மேலே வந்துவிடும், பிவிசி கீழேயே கிடக்கும். மேலே வந்ததை நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால், உப்பாக வந்து சேரும் குளோரின் பிவிசியை நீக்கிய பயனைக் கெடுத்துவிடும்.

இந்த முறை ஏமாறும் இடங்கள் சில உண்டு. மெல்லிய பிவிசி தாள், சுருங்கு லேபிள் ஆகியவற்றில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் அவை மிதந்து நல்ல சரக்கோடு சேர்ந்துவிடும். தொட்டியில் துடுப்புகள் வைத்துச் சரக்கை அமுக்கி நனைப்பது இதற்காகத்தான். தலைகீழாக, கால்சியம் கார்பனேட்டோ டால்க்கோ கலந்த பாலிப்ரொப்பிலீன் மூழ்கிவிடும். அதை இழப்பாக விட்டுவிடலாம், ஏனென்றால் அந்த நிரப்புப் பொருள் அத்தனையும் உலையில் கரியாகத்தான் சேரும்.

சந்தேகமான துண்டுக்குச் செப்புக்கம்பிச் சோதனை போதும். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால் குளோரின் இருக்கும்பட்சத்தில் சுடர் பளிச்சென்று பச்சையாகும். புகை நச்சு. புகைபோக்கியின் கீழ் மட்டுமே செய்ய வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் நம் பொதியிலிருந்து பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனுமாக 630 கிலோ, பாலிஸ்டைரீன் 60 கிலோ, மொத்தம் 690 கிலோ கையில் நிற்கும். அதை உலர்த்த வேண்டும். ஈரத்தின் கேடு, ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தோடு நிற்பதில்லை. உருகிய பிளாஸ்டிக்குக்கு அடியில் சிக்கிய தண்ணீர் திடீரென ஆவியானால் குழம்பு பொங்கி ஆவிக்குழாய்க்குள் ஏறி அடைத்துவிடும். ஈரம் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது.

உதிரித் தாளாக இருந்தால் கன மீட்டருக்கு 40 கிலோதான் எடை நிற்கும். 690 கிலோவுக்குப் பதினேழு கன மீட்டர் இடம் வேண்டும். அக்லோமரேட்டரில் சுற்றிச் சுருட்டி மணியாக்கினால் 350 கிலோ வரை வரும். இரண்டு கன மீட்டரில் அடங்கும். மூன்று கன மீட்டர் உலையை எடுத்துக்கொண்ட காரணம் இதுதான். மேலே ஒரு கன மீட்டர் நுரைக்கு விட்ட இடம். அதையும் நிரப்பி 'கொள்ளளவு உயர்த்திக்' காட்டுவது ஆபத்தான சிக்கனம்.

உலையின் சுவரில் நடப்பது

பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாது. உருகிய பாலித்தீனின் கடத்துதிறன் மீட்டருக்கு டிகிரிக்கு 0.2 வாட் அளவு. எஃகுக்கு அது பத்துக் கணக்கில். இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் காணலாம். 690 கிலோவைச் சூடாக்கி, உருக்கி, உடைத்து, ஆவியாக்கக் கிலோவுக்குச் சுமார் 2 மெகாஜூல், மொத்தம் 1,380 மெகாஜூல். அதைப் பத்து மணி நேரத்தில் கொடுத்தால் 38 கிலோவாட். குழம்பு தொடும் சுவர் ஆறு சதுர மீட்டர் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 6.3 கிலோவாட் கடத்த வேண்டும். சுவரை ஒட்டி 3 மில்லிமீட்டர் குழம்பு நகராமல் நின்றால், அந்த மூன்று மில்லிமீட்டருக்குள் மட்டும் 95 டிகிரி வெப்பநிலை விழும். உள்ளே 430 வேண்டுமானால் சுவர் 525இல் நிற்கும். நகராத அந்தப் படலம் 525இல் கிடந்து கரியாகும். கரியும் வெப்பத்தைக் கடத்தாது. அடுத்த சுமையில் சுவர் இன்னும் சூடாகும்.

கலக்கி இல்லாத உலை நாலைந்து சுமைக்குள் மந்தமாகிவிடுவதன் காரணம் இதுவே. சுவரை உரசிச் சுற்றும் நங்கூர வடிவக் கலக்கியோ, உலையே சுழல்வதோ, உள்ளே பீங்கான் உருண்டைகள் உருண்டு சுரண்டுவதோ ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகு 425 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருந்தால் அதன் உள்ளமைப்பே மாறிப் பலம் இழக்கும். அடிப்பக்கம் புடைத்த உலைகளுக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

உலைக்கு நேர் மேலே ஒரு நிரப்புக் கோபுரம் (ஆவி தொட்டுச் செல்லச் சிறு துண்டுகள் நிரப்பிய உயரமான குழாய்) அவசியம். பாலித்தீன் ஆவியில் 30, 40 கார்பன் நீளமுள்ள துண்டுகள் தப்பி வெளியே வந்துவிட்டால் குளிர்விப்பானில் மெழுகாக உறையும். கோபுர உச்சியை 350 டிகிரி வாக்கில் பிடித்து வைத்தால் கனமான துண்டுகள் அங்கேயே நீர்மமாகி மறுபடி உலைக்குள் வடிந்து, இன்னொரு முறை உடைபடும். இந்த ஒரு கருவி இல்லாத உலையில் வாளி வாளியாக வருவது எண்ணெய் போலத் தெரியும். ஆறியதும் வாளி மெழுகாய் நிற்கும்.

வினையூக்கி பற்றி நிறைய விளம்பரம். ஸியோலைட் (நுண்துளைகள் கொண்ட கனிமம்) வகைகள் வெப்பநிலையைக் குறைத்து, மெழுகைக் குறைத்து, வாயுவையும் அரோமாட்டிக் (பென்சீன் வகைச்) சேர்மங்களையும் கூட்டும். இதில் ஐயமில்லை. ஆனால் நேரே குழம்பில் கலந்தால் கரி மூடிச் சில சுமைகளில் செயலிழக்கும், கரியிலிருந்து பிரிக்கவும் முடியாது. உலைக்கு வெளியே, ஆவி செல்லும் வழியில் தனிப் படுகையாக வைத்தால் எரித்துப் புதுப்பிக்கலாம். சிறு தொகுதி உலைக்குக் கோபுரமே போதும் என்பது என் கணிப்பு.

ஒரு சுமையின் இருபத்துநான்கு மணி நேரம்

சரக்கை ஏற்றி மூடி இறுக்கியதும் முதல் வேலை நைட்ரஜன். வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் 2 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை ஓட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தக் கூடாது, ஆக்சிஜன் மானியைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். உள்ளே உருவாகப்போகும் ஆவி 400 டிகிரிக்கு மேல் இருக்கும். டீசல் வகை ஆவி 250 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். தீப்பொறியே தேவையில்லை, காற்று நுழைந்தாலே போதும்.

100 முதல் 150 டிகிரிக்குள் மிச்ச ஈரம் வெளியேறும். இந்த நேரத்தில் அவசரப்படக் கூடாது. 280 முதல் 320 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டு, வாயுவைக் காஸ்டிக் சோடா ஸ்க்ரப்பருக்கு (வாயுவைக் காரக் கரைசலில் கழுவும் கலத்துக்கு) திருப்ப வேண்டும். தப்பி வந்த பிவிசியின் குளோரின் எண்ணெய் பிறக்கும் முன்பே போய்விடும். பின்பு 380இல் தொடங்கி 430 வரை முக்கிய உடைப்பு, ஆறு முதல் எட்டு மணி நேரம். கடைசியில் 480க்கு ஏற்றிக் கரியைக் காய வைப்பது. எண்ணெய் பிசுபிசுக்கும் கரியை அள்ளுவது கடினம், தீப்பிடிக்கவும் எளிது.

ஆவி இரண்டு கட்டமாகக் குளிர்கிறது. முதல் குளிர்விப்பானில் தண்ணீர் 70, 80 டிகிரியில் ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் மெழுகு உறைந்து வழி அடைபடும். இரண்டாவதில் குளிர்ந்த தண்ணீர். அதிலும் நீர்மமாகாத வாயு நீர்ப்பூட்டு (வாயு தண்ணீருக்குள் குமிழியாகக் கடந்து செல்லும் கலம்) வழியே அடுப்புக்குப் போகும். உலையிலிருந்து முதல் குளிர்விப்பான் வரையிலான குழாயில் எந்த வால்வும் இருக்கக் கூடாது. வெடிதகடு (அழுத்தம் மிஞ்சினால் கிழியும் பாதுகாப்புத் தகடு) 0.5 பார் அழுத்தத்தில் கிழிந்து, ஆவி பிடிகலம் (தெறித்து வரும் குழம்பைப் பிடிக்கும் கலம்) வழியாக ஃபிளேருக்கு (மிகை வாயுவை எரிக்கும் சுடர்க்குழாய்க்கு) போகும்படி இருக்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஆபத்து, அடுப்பை அணைத்தபின் வருகிறது. 450 டிகிரியில் இருந்த வாயு 25 டிகிரிக்கு ஆறினால் கன அளவு ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும். எண்ணெய் ஆவியோ முழுவதுமாக நீர்மமாகி மறைந்துவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். 300 மில்லிமீட்டர் நீர்ப்பூட்டு தாங்கும் அழுத்த வேறுபாடு 0.03 பார் மட்டுமே. அதைத் தாண்டினால் பூட்டிலிருக்கும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறி இன்னும் சூடாயிருக்கும் உலையில் விழும். ஒரு லிட்டர் தண்ணீர் 450 டிகிரியில் 3,300 லிட்டர் நீராவி. தண்ணீர் வராவிட்டால் கலக்கியின் அச்சு உறை வழியே காற்று வரும், அது தீ. எனவே சுடரை அணைக்கும் அதே நிமிடம் நைட்ரஜனைத் திறந்து, உலை ஆறும்வரை சிறு நேர் அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். பூட்டுக்கு முன் ஒரு வெற்றுக்கலமும் ஒருவழி வால்வும் வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்பதற்காக அன்றைய சுமையைத் தள்ளிப்போடுவதே சரி.

உலை 60 டிகிரிக்குக் கீழே வந்தபின்தான் கதவு திறக்கலாம். ஆறுவதற்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். மாலையில் அணைத்து நள்ளிரவில் திறந்து அடுத்த சுமை ஏற்றுவோம் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தால், அந்த அறிக்கையை எழுதியவர் சூடான கரி காற்றுப்பட்டுத் தணலாவதைப் பார்த்ததில்லை.

விளைச்சலும் வெப்பமும்

690 கிலோவில் எண்ணெய் 75 விழுக்காடு, 517 கிலோ, 663 லிட்டர். வாயு 104 கிலோ. கரி 69 கிலோ. பொதியின் எடையோடு ஒப்பிட்டால் ஒரு டன்னுக்கு 663 லிட்டர். 'கிலோவுக்கு ஒரு லிட்டர்' மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது, அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

வெப்பம்: சரக்குக்கு 1,380 மெகாஜூல். இரண்டு டன் உலை எஃகை 500 டிகிரிக்கு ஏற்றவே 475 மெகாஜூல். சுற்றுச் செங்கலையும் சேர்த்தால் 700. அது ஒவ்வொரு சுமைக்கும் ஆறி வீணாகிறது. அடுப்பின் பயனுறுதிறன் பாதி என்றால் எரிக்க வேண்டியது 4,160 மெகாஜூல். 104 கிலோ வாயுவின் எரிவெப்பம் கிட்டத்தட்ட 4,700. ஆகவே 'தன் வாயுவிலேயே ஓடும்' என்ற பேச்சு எண்ணளவில் மெய்தான். ஆனால் வாயு வரத் தொடங்குவது 380 டிகிரிக்குப் பிறகு. அதற்கு முன்னான நான்கைந்து மணி நேரத்துக்கு வெளி எரிபொருள் வேண்டும்; இந்த அளவு உலைக்கு 40 கிலோ எண்ணெய் அளவில் ஆகும். முக்கிய உடைப்பின்போது தேவைக்கு மேல் வரும் வாயு ஃபிளேரில் எரிந்து போகும்.

துண்டாக்க, கழுவ, உலர்த்த, சுருட்டக் கிலோவுக்கு அரை யூனிட் மின்சாரம் என்று வைத்தால் 345 யூனிட். எல்லாம் கழித்தும் 517 கிலோ எண்ணெயில் இருக்கும் 22,000 மெகாஜூல் செலவைவிடப் பல மடங்கு. ஆற்றல் கணக்கில் இந்தத் தொழில் தோற்பதில்லை. தோற்பது வேறு இரண்டு இடங்களில்: எண்ணெயின் தரம், சரக்கின் விலை.

வந்தது டீசலா?

இல்லை. வாலையில் பிரித்தால் 170 டிகிரிக்குக் கீழ் கொதிக்கும் நாஃப்தா கால் பங்கு, டீசல் வரம்பில் பாதி, மேலே கன எண்ணெயும் மெழுகும் கால் பங்கு. பிரிக்காமல் அப்படியே விற்றால் அதன் தீப்பற்று வெப்பநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இருக்கும். ஐரோப்பிய டீசல் தரமான இஎன் 590 கேட்பது 55 டிகிரிக்கு மேல். டீசல் தொட்டிக்காக வடிவமைத்த கிடங்கில் இதை வைப்பது பெட்ரோலைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

பிரித்தெடுத்த நடுப்பகுதி, பாலித்தீனிலிருந்து வந்ததானால், நேர்ச்சங்கிலி மிகுந்திருப்பதால் சீட்டேன் எண் (டீசல் எஞ்சினில் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதன் அளவு) நன்றாகவே இருக்கும். எஞ்சினில் ஓடும். அந்த முதல் ஓட்டத்தைப் படம் பிடித்துத்தான் விற்கிறார்கள். அதே எண்ணெயில் ஏறக்குறைய பாதி மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. காற்றுப்பட்டுச் சில வாரங்களில் நிறம் கறுத்து, அடியில் கோந்து படியும். அந்தக் கோந்து போய் உட்காரும் இடம் எரிபொருள் வடிகட்டியும் ஊசித்துளையும். கந்தக அமிலமும் வெளுக்கும் மண்ணும் போட்டு நிறத்தை எடுத்துவிடலாம். நிலைத்தன்மை பெரிதாகக் கூடாது, கையில் அமிலத் தார் என்ற புதிய கழிவு சேரும்.

முறையான விடை ஹைட்ரஜனேற்றம். 14 கார்பன் கொண்ட சராசரி மூலக்கூறில் பாதிக்கு ஓர் இரட்டைப் பிணைப்பு என்றால், எண்ணெயின் எடையில் அரை விழுக்காடு ஹைட்ரஜன்; நம் சுமைக்கு 2.6 கிலோ. அளவு சிறிதுதான். அதைச் செலுத்த 300 டிகிரிக்கு மேல் வெப்பமும் பல பத்துப் பார் அழுத்தமும் நிக்கல்–மாலிப்டினம் வினையூக்கியும் வேண்டும். ஒரு சிறு ஆலையின் எல்லைக்குள் அது இல்லை. ஆகவே எண்ணெயை வாகன எரிபொருளாக விற்கும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு, இலகு எண்ணெய்க்கேற்ற பர்னர் பொருத்திய கொதிகலனுக்கோ, சுத்திகரிப்பு ஆலைக்குக் கலவை மூலப்பொருளாகவோ விற்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

நாஃப்தாப் பகுதியில் பென்சீன் இருக்கும். புற்றுநோய் தரும் பொருள் அது. பீப்பாய் நிரப்புமிடம் திறந்தவெளியாக இருப்பது மட்டும் போதாது. ஆவி திரும்பும் குழாய் வேண்டும். கரியில் பழைய வண்ணப்பொருள்களின் ஈயமும் காட்மியமும் செறிந்திருக்கலாம். அதை ஆய்வு செய்யாமல் 'கார்பன் பிளாக்' என்று பெயரிட்டு விற்பதும் செங்கல் சூளைக்குத் தள்ளுவதும் ஊரின் மூச்சோடு விளையாடுவது. அடுப்பின் புகை 850 டிகிரிக்கு மேல் இரண்டு நொடியாவது தங்க வேண்டும் என்ற ஐரோப்பியக் கழிவெரிப்பு விதியை எந்த நாட்டிலும் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ பாலித்தீன் எண்ணெயாகி எரிந்தாலும் 3.1 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான் வெளிவரும். புதைபடிவ டீசல் எரிவதும் அதே அளவு. 'பசுமை எரிபொருள்' என்ற பெயருக்கு இதில் இடமில்லை.

கட்டுப்படியாகும் இடம்

மேலே வந்த கணக்கு முழுவதும் ஒரே முடிச்சில் போய் நிற்கிறது. நல்ல எண்ணெய் தரும் சரக்கு என்பது தூய, காய்ந்த, தரம் பிரித்த பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும். அதே சரக்கை உருக்கி மணியாக்குபவர் அதைவிட அதிக விலை கொடுப்பார். ஏனென்றால் அவருக்கு எடையில் பெரும்பகுதி பொருளாகவே திரும்பக் கிடைக்கிறது, வெப்பமும் குறைவு. அவர் வேண்டாமென்று ஒதுக்குவதோ பெரும்பாலும் நம் உலைக்கும் ஆகாதது.

தொழில்நுட்பம் கைகூடாததால் மூடப்பட்டவை என்று பெரிய ஆலைகளைச் சொல்ல முடியாது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1994இல் ஆண்டுக்கு 15,000 டன் முன்மாதிரி ஆலையை ஓட்டிக் காட்டியது. 3,00,000 டன் ஆலைக்குத் திட்டமும் இருந்தது. கட்டுப்படியாகும் கையாளும் கட்டணத்தில் நீண்டகாலக் கழிவு வரத்து உறுதியாகாததால் 1996இல் கைவிட்டது. ஜப்பானின் சப்போரோவில் 2000இல் தொடங்கிய ஆலை, குளோரின் நீக்கும் கட்டத்தைத் தனியாக வைத்து, சுழலும் உலையில் வீட்டுக் கழிவையே சுமார் பத்தாண்டு எண்ணெயாக்கியது. அதுவும் நின்றது.

அப்படியானால் எங்கே பொருந்தும்? மணியாக்க முடியாத, ஆனால் வேதிக்கலவை தெரிந்த சரக்கு தொடர்ந்து கிடைக்கும் இடத்தில். குறுக்குப்பிணைப்பிட்ட (சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த) பாலித்தீன் கம்பி உறை நல்ல எடுத்துக்காட்டு: அது உருகாது, மணியாகாது, ஆனால் 430 டிகிரியில் மற்ற பாலித்தீனைப் போலவே உடையும். அச்சு மை கனமாகப் பூசிய பாலித்தீன்–பாலிப்ரொப்பிலீன் ஒட்டுத்தாள், வெயிலில் வெந்து நொறுங்கும் விவசாயத் தாள், நார் சிதைந்த சாக்குப்பை ஆகியவையும் இதில் சேரும். கழிவைக் கொடுப்பவரே கையாளும் கட்டணம் தந்தால் கணக்கு நிற்கும். காசு கொடுத்து வாங்கினால் பெரும்பாலும் நிற்காது.

நாள்களையும் மிகைப்படுத்தாமல் எண்ண வேண்டும். ஒரு சுமைக்கு ஒரு நாள், குளிர்விப்பான் சுத்தம், கலக்கி அச்சு உறை மாற்றம், வெடிதகடு மாற்றம் எல்லாம் கழித்து ஆண்டுக்கு 250 சுமை. 250 பெருக்கல் 690 கிலோ, 172 டன் சரக்கு, அதற்கு 250 டன் பொதி. இந்த 250 டன்னும் யாரிடமிருந்து, எந்த ஒப்பந்தத்தில் வரும் என்று பதில் இல்லாமல் உலைக்கு முன்பணம் கட்டக் கூடாது.

உலை விற்பவரிடம் கேட்க வேண்டியவை இவை. சோதனை ஓட்டம் உங்கள் பொதியில் நடக்க வேண்டும், அவர் கொண்டுவரும் சரக்கில் அல்ல. ஒரே நாளில் முடிக்காமல் தொடர்ந்து ஐந்து சுமை ஓட வேண்டும். ஐந்தாவது சுமையின் நேரம் முதல் சுமையின் நேரத்தோடு ஒப்பிடப்பட வேண்டும், ஏனென்றால் சுவரில் படிந்த கரி அங்கேதான் தெரியும். உள்ளே போன எடையும் எண்ணெய், வாயு, கரி, தண்ணீர் என்று வெளிவந்த எடையும் ஐந்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். எண்ணெய் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, அன்றே தீப்பற்று வெப்பநிலையும் மொத்தக் குளோரினும் பார்த்துவிட்டு, இன்னொரு புட்டியை இருட்டறையில் முப்பது நாள் வைத்து அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கட்ட வேண்டும்.